ஆளை எழுப்பும் கல்

பாலக்கரையில் நான் வேலை பார்த்த கல் கடைக்குள் என் அத்தான் நுழைந்தால், முதல் காரியமாகச் சட்டையின் வலது கையை முழங்கைக்கு மேல் மடித்து ஏற்றிக்கொள்வார். சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கற்களை அவர் தட்டிப் பார்க்க மாட்டார், தடவிப் பார்க்கவும் மாட்டார். ஒரு கல்லை மேசைமேல் படுக்கப் போடச் சொல்வார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து, முழங்கையை ஊன்றி, தாடையை உள்ளங்கையில் தாங்கிக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். உடனே திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, "இது வேணாம், ரொம்ப சொகமா இருக்கு" என்று எழுந்துவிடுவார். எங்கள் முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தாத்தா காலத்திலிருந்து கல் விற்கிற குடும்பம். சுகமாக இருக்கிறது என்ற குற்றத்துக்காக ஒரு கல்லைத் தள்ளிய வாடிக்கைக்காரரை அந்தக் குடும்பம் அதற்கு முன் பார்த்ததில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர், முசிறிக்காரர். அவருடைய அண்ணனுக்கு அங்கே வாழைக்காய் மண்டி. அந்த மனிதர் மண்டியில் நின்று ஏலம் கூறினால் ஆற்றுக்கு அக்கரையில் குளித்தலையில் கேட்கும். அந்தக் குரலுக்குக் கீழே பல வருஷம் கணக்கு எழுதிவிட்டு, ஒருநாள் எப்படியோ துணிந்து, ஸ்ரீரங்கத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் அத்தான் ஒரு காபி ஹோட்டல் வைத்தார். அண்ணன் தடுக்கவில்லை. "போ, போய்ப் பாரு. நடக்கலைன்னா நானே வந்து கடையைப் பூட்டி உன்னையக் கூட்டிக்கிட்டு வந்துருவேன்" என்று மட்டும் சொன்னாராம். அவர் அன்பாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் அது தீர்ப்பாகத்தான் விழும். மறுபடியும் மண்டிக்குப் போய் அந்தக் கணக்குப் பெட்டிக்குப் பின்னால் உட்காருவதை நினைத்தாலே அத்தானுக்குப் பயம். அக்கா என்னிடம் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் அவளுக்கும் பயம் இருந்தது.

காபியில் ஒரு குறையும் இல்லை. கூட்டத்திலும் குறையில்லை, குறையே அதுதான். கடையில் மேசை நான்கு. அவற்றில் மூன்றைக் காலையில் கதவு திறந்ததும் மூன்று பேர் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் ஜோசியர், அவருக்கு ஓய்வே கிடையாது, வேலையும் கிடையாது. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தொலைத்தாலும் பரவாயில்லை. ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு காபி. அங்கிருந்தபடியே மதியம் வரை குறுக்கும் நெடுக்கும் பேச்சு. ரயிலில் வந்து இறங்குகிற கூட்டம் மூட்டை முடிச்சோடு வாசலில் நின்று எட்டிப் பார்க்கும். இடமில்லை என்றதும் எதிர்க் கடைக்குப் போய்விடும். மற்றவர்கள் கடைக்கு ஆள் வர வேண்டும் என்று சாமி கும்பிடுவார்கள். என் அக்காவோ ரங்கநாதர் முன்னால் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள்.

எழுந்திருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்த வார்த்தைதான் அத்தானுக்கு வராது. கடை திறந்த அன்று முதல் காபி குடித்து வாழ்த்தியவர்கள், வயதில் பெரியவர்கள், வாசலில் கால் வைத்தவரை எழுந்திரு என்று சொல்கிற நாக்கு தன் பரம்பரையிலேயே கிடையாது என்பார். அவருடைய அண்ணன் அதே பரம்பரைதானே என்று எனக்குத் தோன்றும், நான் கேட்டதில்லை. வாயால் சொல்ல முடியாததை மேசை சொல்ல வேண்டும் என்பது அவருடைய யோசனை. அதனால்தான் பாயிடம் வந்து, "எதைப் போட்டா ஆள் தானா எந்திரிப்பான், அதைக் காட்டுங்க" என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சமீபத்தில் என் பேரன், கே.கே. நகரில் தான் திறக்கப்போகும் டிபன் கடைக்கு மேசைப் பலகை பார்க்க என்னையும் அழைத்துப் போனான். ஏ.சி. போட்ட கடை. டை கட்டிய பிள்ளை ஒருவர் கிரானைட், குவார்ட்ஸ் என்று வரிசையாகக் காட்டி, கறை பிடிக்காது, சூடு தாங்கும், கீறல் விழாது என்று ஒப்பித்தார். கல்லைப் பற்றி எல்லாம் சொன்னார், உட்காருகிற ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாயும் அத்தானும் மணிக்கணக்காக அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அத்தானிடம் முதலில் இருந்தது தேக்குப் பலகை. பாய் அதை நேரில் வந்து பார்த்து, "மரம் மனுஷன் முதுகு மாதிரிங்க, சாஞ்சவன் எப்படி எந்திரிப்பான்?" என்று கேட்டார். அதன்மேல் துத்தநாகத் தகடு அடித்தால் காலை வெயிலுக்குக் காய்ந்து முழங்கையை ஊன்ற முடியாமல் போகும் என்பது அவர் கணக்கு. அடித்தோம். வெயிலில் காய்ந்ததும் உண்மைதான். மூவரும் மறுநாளே ஈரத் துண்டோடு வந்தார்கள், மேசையில் விரித்துக்கொண்டார்கள். அதோடு போயிருந்தால் சரி. டபராவைத் தகட்டில் வைத்தபோது எழுந்த ஓசையில் கார்டுக்கு ஏதோ பழைய ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு டபராவைக் கவிழ்த்து, ரயில் பாலத்தில் போகிற சத்தத்தை அப்படியே வாசித்துக் காட்டினார். "இது எந்தப் பாலம்னு சொல்லுங்க?" என்பார். காவிரியா கொள்ளிடமா என்று கடை முழுவதும் வாக்குவாதம் நடக்கும். விஷயம் பரவி, பொன்மலையிலிருந்து பழைய ரயில்வேக்காரர்கள் சைக்கிளில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவரும் காபி குடிக்கவில்லை.

பாய் நல்ல மனிதர். எனக்காக, போட்டதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டு, அடுத்ததைத் தருவார். அடுத்தது கடப்பைக் கல். மெருகு போடாத முரட்டுக் கல்லாகவே அத்தான் கேட்டு வாங்கினார், கை வைத்தால் உறுத்த வேண்டும் என்று. கறுப்பாக, சொரசொரவென்று, பார்க்கவே கோபமாக இருந்தது. எங்களுக்குத் திருப்தி. டிராயிங் மாஸ்டர் உள்ளே வந்தார், கல்லைப் பார்த்தார், பல வருஷம் கழித்து நண்பனைச் சந்தித்தவர்போல முகம் மலர்ந்து சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தார். அவர் பையில் சாக்பீஸ் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மத்தியானத்துக்குள் ஒரு மேசையில் ஆடுபுலி ஆட்டம், ஒரு மேசையில் மலைக்கோட்டைப் படம், ஒரு மேசையில் ராசிக் கட்டம். ஜோசியருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் சப்ளையர் வழக்கம்போல ஈரத் துணியால் மேசையைத் துடைத்துவிட்டார். "அடப்பாவி, குருவைத் துடைச்சிட்டியேடா! அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்த நேரம்டா!" என்று ஜோசியர் தலையில் அடித்துக்கொண்டார். பெண்ணின் அப்பா அழாத குறை. அத்தான் அவருக்குச் சும்மாவே காபி கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினார்.

மூன்றாவது சலவைக்கல். அதற்கும் பாயிடம் ஒரு நியாயம் இருந்தது. பணக்கார மேசை முன்னால் சாதாரண ஆள் கூசிப்போய்ச் சீக்கிரம் எழுந்துவிடுவான் என்றார். வெள்ளை வெளேரென்று நான்கு மேசையும் கல்யாண வீடுபோல ஜொலித்தன. அது சித்திரை மாதம் என்பதை நாங்கள் எல்லோரும் மறந்துபோனோம். திருச்சி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, ஸ்ரீரங்கத்தில் குளிர்ச்சியான இடம் இரண்டுதான் என்று ஆகிவிட்டது. ஒன்று காவிரி, அதில் தண்ணீர் இல்லை. மூவரும் கூசவில்லை, கன்னத்தை மேசையில் வைத்துத் தூங்கினார்கள். ஒருநாள் வெளியூர்ப் பெண்மணி ஒருத்தி அழுகிற கைக்குழந்தையை அந்தக் கல்லில் துண்டு விரித்துப் படுக்க வைத்தாள். குழந்தை உடனே அடங்கித் தூங்கிவிட்டது. அதற்குப் பிறகு கடையில் ஒருவரும் சத்தமாக மூச்சுக்கூட விடவில்லை. அத்தானே வாயில் விரலை வைத்து, சப்ளையரைக் கால் விரல் நுனியில் நடக்கச் சொன்னார். எதிர்க் கடையில் தோசைக்கல் சீறுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

கடைசியில் வந்தது மைக்கா. அப்போது புதிதாகப் பட்டணத்திலிருந்து வர ஆரம்பித்திருந்தது. பலகைமேல் பசை போட்டு ஒட்டுகிற தகடு, கறுப்பு நிறம், கண்ணாடிப் பளபளப்பு. சூடும் ஏறாது, குளிர்ச்சியும் தராது, சாக்பீஸ் வழுக்கும், தட்டினால் சத்தம் வராது. பாய்க்கே அதன்மேல் மரியாதை இல்லை, "இது கல்லும் இல்ல, மரமும் இல்ல, என்னமோ போங்க" என்றுதான் கொடுத்தார். அதுதான் பலித்தது. குனிந்து காபியை உறிஞ்சினால் எதிரே கீழிருந்து ஒரு கிழவர் நம்மைப் பார்த்து உறிஞ்சுகிறார். மூக்குத் துவாரம் வரை தெரிகிறது. ஜோசியர் இரண்டு நாள் பொறுத்தார். "நம்ம மூஞ்சிய நாமளே பாத்துக்கிட்டு எப்புடிங்க குடிக்கிறது?" என்று எழுந்து போனவர் வரவில்லை. மற்ற இருவரும் பின்னாலேயே போய்விட்டார்கள். மூவரும் ரயிலடி பிளாட்பாரம் பெஞ்சுக்குக் குடி போனதாகக் கேள்வி.

ரயில் வந்தால் கூட்டம் வந்து, குடித்து, எழுந்து போயிற்று. கல்லாவுக்குப் பின்னால் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் நான் போன நாட்களில் இரண்டு ரயிலுக்கு நடுவே கடை வெறிச்சென்று கிடக்கும். அவர் காலி மேசைகளைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அவருக்கு அவர்கள் இல்லாமல் என்னவோபோல் இருந்தது. எனக்கும்தான்.

அந்த மார்கழியில், அப்படி ஒரு வெறிச்சென்ற நேரத்தில், முசிறியிலிருந்து அண்ணன் வந்து இறங்கினார். அன்று எனக்கு லீவு, நான் கடையில் இருந்தேன். வாசலில் நின்று நான்கு காலி மேசையையும் ஒரு தடவை பார்த்தார். மண்டிக்காரருக்குக் கூட்டம் இருந்தால்தான் வியாபாரம். "ஈ காக்கா இல்லையேடா" என்றார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்போதுதான் ரயில் கூட்டம் போனது என்று அத்தான் சொல்ல வந்தது அந்தக் குரலில் அமுங்கிப்போயிற்று. "மத்தியானம் வரைக்கும் இருக்கேன். அப்புறம் சாமானை எடுத்து வை, போவோம்" என்று அண்ணன் ஒரு மேசையில் நாற்காலிமேல் காலை மடித்துப் போட்டு அமர்ந்தார். அத்தான் என்னை அடுப்புப் பக்கம் இழுத்துப் போய், "மாப்ள, ஓடு. அவங்க மூணு பேரையும் எப்படியாவது கூட்டிக்கிட்டு வந்துரு" என்றார். அவர்களை விரட்டுவதற்காக எத்தனை கல் மாற்றினோம் என்று நினைத்துக்கொண்டே பிளாட்பாரத்துக்கு ஓடினேன்.

பெஞ்சில் மூவரும் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் கார்டு குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ராகு காலம் முடியட்டும் என்ற ஜோசியரை மாஸ்டர் கையைப் பிடித்துத் தூக்கினார். வந்தார்கள், பழைய மேசைகளில் ஆளுக்கொன்றாக அமர்ந்தார்கள், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு காபி குடித்தார்கள். பேச்சு பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அண்ணனும் வாழைத்தார் விலையில் ஆரம்பித்து உள்ளே நுழைந்துவிட்டார். தன் ஜாதகத்தை வாயாலேயே ஜோசியரிடம் ஒப்பித்தார். அவர் சிரித்த சிரிப்புக்கு மேசையில் டம்ளர் அதிர்ந்தது. "பரவாயில்லடா, கடையில ஆள் நடமாட்டம் இருக்கு" என்று கல்லாப் பக்கம் திரும்பிச் சொன்னார். அத்தான் கண்ணை மூடித் திறந்தார். தப்பித்தோம் என்று நானும் நினைத்தேன்.

அப்போது ரயில் வந்தது. ஏகாதசி நெருங்குகிற சமயம். குடும்பம் குடும்பமாக ஜனம் வெளியே வந்தது. முதலில் ஒரு பெரியவர், அவர் மனைவி, மருமகள், தூங்குகிற பிள்ளை, தலையில் மூட்டையோடு மகன். வாசலில் நின்று உள்ளே பார்த்தார்கள். நான்கு மேசை, நான்கு ஆள், நான்கு காலி டம்ளர். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர் வந்து நின்றார்கள். "இடமில்லைங்க, எதுத்தாப்புல பாப்போம்" என்று மகன் திரும்பினான். அத்தான் கல்லாவை விட்டு வெளியே வந்தார். கையில் துடைக்கிற துணி. கார்டு மேசை வரை போனார், வாயைத் திறந்தார், மூடினார். அந்தக் குடும்பம் தெருவில் இறங்கிவிட்டது. அத்தான் அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, எந்திரிங்க."

"என்னடா?"

"எந்திரிங்கண்ணே. நீங்க குடிச்சி ரொம்ப நேரமாச்சி. சாப்பிட வந்தவங்க நிக்கிறாங்க."

அண்ணன் எழுந்திருப்பதற்கு முன்னால், பின்னால் மூன்று நாற்காலிகள் ஒரே நேரத்தில் தரையில் கிரீச்சிட்டன. கார்டும் மாஸ்டரும் ஜோசியரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல எழுந்து நின்றார்கள். அண்ணன் அவர்களையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் காலைக் கீழே இறக்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போனார். "எங்க போறீங்க? எடம் இருக்கு, உள்ள வாங்க!" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். எதிர்க் கடைக்குள் கால் வைத்திருந்த குடும்பம் அப்படியே திரும்பி வந்தது, கூடவே எதிர்க் கடையில் அதற்கு முன்பே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் வந்தார்கள்.

சாயங்காலம் அவரை முசிறி பஸ்ஸில் ஏற்ற நாங்கள் இருவரும் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை போனோம். கடையைப் பூட்டுவது பற்றி அவர் பேசவே இல்லை. வழியெல்லாம் நான் தகடு, கடப்பை, சலவைக்கல், மைக்கா என்று நடந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளியே நின்ற தம்பியைக் கிட்டே கூப்பிட்டார்.

"எந்திரின்னு சொல்லத் தெரிஞ்சவன் எதுக்குடா இத்தனை கல்லு வாங்குன?"

அத்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அதை முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் தெரியலைண்ணே" என்றார்.