ஈரத்துக்குக் கழித்தது

மீன் அளக்கும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டபோது நான் முதலில் கேட்டது, "தப்பா அளந்துட்டா என்ன செய்வாங்க?" என்றுதான்.

அண்ணன் சிரித்தார். "தூக்குலயா போடுவாங்க? அழிச்சுட்டு மறுபடி எழுது புள்ள."

அவருக்கு எல்லாமே அப்படித்தான். நான், அடுப்பை அணைத்தேனா என்று பாதி மலை ஏறிய பிறகு திரும்பி ஓடிவந்து பார்க்கிற ஆள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பத்து வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள் நான். நல்லதண்ணி ஊருக்குப் போகிற பஸ் சுற்றி வளைந்து செல்லும் பெரிய நீர்த்தேக்கத்துக்கு மேலே, தோட்டத்து வரிசை வீடுகளாக எங்கள் லயம். அண்ணன் தோட்டத்து வேலைப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரில் வலை போட இறங்கியிருந்தார். அப்போது இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பிடித்ததைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு லயம் லயமாகக் கூவி விற்பார். விற்காததைக் கருவாடு போட்டால் மழை விடாது.

அந்த நேரத்தில்தான் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு மீன் கம்பனி மலைக்கு ஏறி வந்தது. கடல் மீனை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். கடலில் மீன் குறைகிறது, குளத்து மீனையும் சேர்த்து வாங்கினால் கடலுக்குக் கொஞ்சம் மூச்சு விடக் கிடைக்கும் என்று யோசித்திருக்கிறார்கள். ஆனால் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், இந்த மீனைப் பிடித்த இடத்தில் அடுத்த வருஷமும் மீன் இருக்குமா என்று கேட்பார்களாம். அதைக் கம்பனி தன் வாயால் சொன்னால் எடுபடாது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் பார்த்து எழுதித் தர வேண்டும். அதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மாதம் ஒரு தடவை வருவார். மற்ற நாட்களில் அவருக்காக மீனை அளந்து எழுத, எழுத்து அழகாக இருக்கிற ஓர் ஆள் வேண்டும் என்றார். அப்படித்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

வேலை பெரிதில்லை. வள்ளங்கள் கரைக்கு வந்ததும் முப்பது திலாப்பியாவை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பலகையில் வைத்து நீளம், தராசுத் தட்டில் வைத்து எடை, இரண்டையும் கொப்பியில் எழுத வேண்டும். தட்டின் பாரம் சேராமல் முள்ளை எப்படிச் சுழியத்தில் நிறுத்துவது என்று மிஸ் இரண்டு தடவை காட்டித் தந்தார்.

கம்பனி லொறி வாரத்தில் இரண்டு நாள் ஐஸோடு வந்தது. மீன் முழுக்க எடுபட்டது. அண்ணன் சைக்கிளை விற்றுவிட்டு இன்னொரு வலை வாங்கினார்.

ஆனி, ஆடி மழை தொடங்கியது. எங்கள் பக்கத்து மழை பெய்து முடிகிற மழை இல்லை. மீன் சொட்டச் சொட்டத் தட்டில் விழும். முள் காட்டுகிறதை அப்படியே எழுத எனக்குக் கை வரவில்லை. இதில் தண்ணீரும் இருக்கிறதே, தண்ணீரை மீன் என்று எழுதினால் பொய்யாகிவிடாதா? மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று கழிப்பதைப் பத்து வருஷம் பார்த்தவள் நான். கூடைக்கு ஒரு கழிவு, மழை நாளில் ஈரத்துக்கு இன்னொரு கழிவு. வயிறெரிந்துகொண்டு நிற்போம், ஆனாலும் நிறுவை என்றால் அதுதான் என்று மனதில் பதிந்துவிட்டது. கூட்டி எழுதினால் கள்ளி என்பார்கள். குறைத்து எழுதினவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. அதனால் தூறலுக்குப் பத்து கிராம், பெருமழைக்கு இருபது கிராம் என்று மனதிலேயே கழித்துவிட்டு எழுதினேன். அதற்குப் பிறகுதான் நிம்மதியாக இருந்தது.

ஆவணியில் மிஸ் கம்பனி அதிகாரியையும் கூட்டிக்கொண்டு வந்தார்; நாங்கள் அவரைக் கம்பனி மாத்தயா என்போம். கரையில் இருந்த தகரக் கொட்டகையில் வலைக்காரர்கள் எல்லோரும் கூடினார்கள். மிஸ்ஸின் மடியில் என் கொப்பி.

"மழை தொடங்கின நாளிலயிருந்து மீன் மெலிஞ்சு போகுது. நீளத்துக்கு ஏற்ற பாரம் இல்லை. சாப்பாடு காணாமல் இருக்குது போல. இந்த மாதங்களில வலை போடுறதை நிற்பாட்ட வேணும் எண்டுதான் நான் எழுத வேண்டி வரும்."

கம்பனி மாத்தயா தலையைச் சொறிந்தார். "மிஸ் நிப்பாட்டச் சொன்னா லொறி வராது. மூணு மாசம் லொறி நின்னா மேல இருக்கிறவங்க வேற குளம் பாத்துருவாங்க. திரும்ப இங்க அனுப்ப மாட்டாங்க. நான் என்ன செய்ய?"

அண்ணன் எழுந்தார். "மெலிஞ்சிருக்கா? மிஸ், தூக்குற கைக்குத் தெரியாதுங்களா? முதுகு கொழுத்துக் கெடக்குது!"

"கொப்பி அப்பிடிச் சொல்லேல்லையே."

"கொப்பிய எந்தங்கச்சிதான் எழுதுச்சு. அது பொய் எழுதாது." சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "அப்ப... மெலிஞ்சுதான் போயிருக்கும் போல."

மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மழையிலிருந்து மெலிகிறது. நான் கழிக்கத் தொடங்கியதும் மழையிலிருந்துதான். என் பத்தும் இருபதும்தான் மீனின் சதையைத் தின்றிருக்கின்றன. அண்ணனைத் தோட்டம் இனி வேலைக்கு எடுக்காது. சைக்கிளும் போய்விட்டது. வாயைத் திறந்தால் என் வேலை போகும், லயம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கும். திறக்காவிட்டால் லொறி போகும். கூட்டம் முடியும்வரை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

மிஸ் வேனில் ஏறக் காலைத் தூக்கியபோது ஓடினேன்.

"மிஸ், நான் ஈரத்துக்குக் கழிச்சுட்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. மடுவம், கொழுந்து, கூடை என்று எங்கிருந்தோ தொடங்கி உளறினேன். கடைசியில் விளங்கியபோது வேனின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எந்தெந்த நாள் எவ்வளவு கழிச்சனீங்கள்?"

"மழையப் பொறுத்துங்க மிஸ்."

"கடவுளே. அந்தத் தண்ணியால முள்ளு ஒரு துளி அசைஞ்சிருக்குமோ தெரியாது. நீங்கள் இருபது கிராம் வெட்டியிருக்கிறீங்கள்." திட்டுவார் என்று நின்றேன். அவர் கம்பனி மாத்தயாவைக் கூப்பிட்டார். "நான் இப்ப எழுதேல்ல. இன்னும் ரெண்டு கிழமை வேணும். லொறியை நிற்பாட்டாதேங்கோ."

இரண்டு கிழமை, இன்னோர் ஆள் முள்ளைப் பார்த்து உரக்கச் சொல்ல, அதை மட்டும் நான் எழுதினேன். மீனைத் துணியால் ஒற்றிவிட்டு நிறுத்தோம். எடை சரியாக இருந்தது. அண்ணன் சொன்ன மாதிரியே முதுகு கொழுத்த மீன்.

அதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் எடைப் பிரச்சினை தீர்ந்ததும் மிஸ் நீளத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நீளத்தில் நான் கை வைக்கவில்லை. மாதத்துக்கு மாதம் மீன் நீளம் குறைந்து கட்டையாகிக்கொண்டே வந்தது அதில் அப்படியே இருந்தது. மீன் கொழுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் வளர விடாமல் பிடிக்கிறீர்கள் என்றார். குஞ்சு மீனையும் அள்ளுகிற சின்னக் கண் வலைகளைக் கரையேற்றினால், கம்பனி கேட்ட காகிதத்தை எழுதித் தருவதாகச் சொன்னார். கம்பனி ஒத்துக்கொண்டது. பெரிய கண் வலை ஆளுக்கொன்று தருவதாகவும் சொன்னது.

சைக்கிளை விற்று அண்ணன் வாங்கிய வலை சின்னக் கண்.

அன்றைக்கு வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "எடையில அவ்வளவு கழிச்சியே, நீளத்துல ரெண்டு வெரக்கடை கூட்டிப் போட ஒனக்குக் கை வரலியா?"

"அண்ணே, அது..."

"சும்மா கேட்டேன். தின்னு."

சும்மா கேட்டாரா என்று நாலு நாள் யோசித்தேன்.

புது வலையோடு அவர் முதல் தடவை இறங்கிய காலையில் பனிமூட்டம் தண்ணீர்மேல் படுத்திருந்தது. மற்ற வள்ளங்கள் வந்துவிட்டன, அவருடையது வரவில்லை. லொறிக்காரன் ஹார்ன் அடித்தான். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி இரண்டு தடவை ஓடினேன். வலை பாறையில் மாட்டியிருக்குமோ, ஒரு மீனும் படவில்லையோ, இதெல்லாம் யாரால் என்று என்னையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

வந்தார். வள்ளத்தின் அடியில் பதினொரு மீன். முன்பென்றால் கூடை நிறைந்திருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் ஒன்றைத் தூக்கிப் பலகையில் போட்டார். பலகையின் விளிம்பைத் தாண்டி வால் தொங்கியது.

"ம். அளந்து எழுது," என்றார். "லொறி காத்துக்கிட்டு நிக்குது."