வெயில் வராத அறைக்கு ஒரு செடி

செடி விற்கிறவளிடம் எல்லோரும் பூவைப் பற்றித்தான் கேட்பார்கள். நானோ அவர்கள் வீட்டு ஜன்னலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பேன். பெரம்பலூரில் நர்சரி வைத்த நாளிலிருந்து இதே கதைதான். ஆசையாக வாங்கிய ரோஜாவை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, அது இலை இலையாக உதிர்வதைப் பார்த்து நொந்துபோனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேப்பர் பரீட்சை

குரும்பலூரிலிருந்து ஒருவர் வந்தார். புதுசாகக் கட்டிய வீடு, மூன்று பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். ஹாலில் வைக்கச் செம்பருத்தி கேட்டார். "அதுக்கு வெயில் வேணும் சார், வாசல்ல வைங்க. மத்தியானம் லைட்டு போடாம ஹால்ல பேப்பர் படிக்க முடியும்னா சொல்லுங்க, மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட் எல்லாம் நல்லா வரும்" என்றேன்.

அதற்கு அவர் சொன்னார்: "பேப்பரை விடுங்க. சோத்துல கெடக்குறது சீரகமா எறும்பான்னு பாக்கவே நாங்க லைட்டு போடணும்."

வெளுத்துப்போன செடி

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டின் மேலேயே வீடு இருக்கிற ஒரு அம்மா, வாங்கிப்போன அக்லோனிமா என்ற இலைச்செடியைத் திருப்பிக் கொண்டுவந்தார். இலையெல்லாம் வெளுத்துச் சாகக் கிடக்கிறதாம். ஈரத்துணியால் ஓர் இலையைத் துடைத்தேன். உள்ளே பச்சை பளபளவென்று இருந்தது. வெளிச்சம் குறைந்த அறையில் வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் தூசி மறைத்துக்கொண்டால் செடி என்ன செய்யும்? அடிக்கடி துடைக்கச் சொன்னேன்.

மீதி இலைகளை அவரே துடைத்து முடித்துவிட்டு, "செடிக்கு ஒண்ணுமில்ல, எங்க ரோட்டுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்" என்றார்.

எல்லாரும் ஊற்றிய தண்ணீர்

இங்கே டவுனிலேயே இருக்கிற ஒரு மாமியாரும் மருமகளும், வீட்டுக்குள் வைக்கிற ஜீஜீ (ZZ) செடியோடு வந்தார்கள். தண்டு அழுகிச் சாய்ந்திருந்தது. இருட்டான இடத்தில் மண் சீக்கிரம் காயாது; விரலை விட்டுப் பார்த்து, உள்ளே நன்றாகக் காய்ந்திருந்தால்தான் ஊற்ற வேண்டும். விசாரித்தால், காலையில் மருமகள், மத்தியானம் மாமியார், ராத்திரி மகன் என்று ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஊற்றியிருக்கிறார்கள். அழுகாத கிழங்கு ஒன்று மிஞ்சியிருந்தது. காய்ந்த மண்ணில் நட்டுக் கொடுத்தேன். பிறகு புதுக் குருத்து விட்டதாக மருமகள் போன் செய்தாள்.

அன்றைக்குத் தொட்டியை வாங்கும்போது மாமியார் சொன்னது இது: "எங்க வூட்ல எல்லாரும் ஒத்துமையா செஞ்ச ஒரே வேலை இதாங்க."

பூக்காத செடி

ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் முதலில் செடியைப் பார்க்கவே இல்லை. அவள் புருஷன் முந்திரி மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் அவர் எழுந்திருக்கவில்லை. "செவுத்தையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்காருக்கா. எதாவது பூக்குற மாதிரி குடுங்க" என்றாள். அந்த அறைக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னலாம், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. வெள்ளைப் பூ விடுகிற பீஸ் லில்லியைக் கொடுத்து, அந்த வெளிச்சத்தில் பூப்பது சந்தேகம், ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் இலையைத் தொங்கப் போட்டுக் காட்டிவிடும் என்றேன். அரை மனசோடு வாங்கிப் போனாள்.

சில மாதம் கழித்து, கம்பு ஊன்றிக்கொண்டு ஒருவர் கடைக்குள் வந்தார். பின்னாலேயே அவள். யாரென்று புரிந்ததும் என் ஸ்டூலை அவருக்கு இழுத்துப் போட்டேன். ஒருநாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது இலையெல்லாம் தொங்கிப்போய்விட்டதாம். கூப்பிட்டால் யாரும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். சாயங்காலம் இலை நிமிர்ந்துவிட்டது. அதற்கப்புறம் மண்ணைத் தொட்டுப் பார்க்கத் தினமும் எழுந்திருக்கிறார். பூத்ததா என்று கேட்டேன்.

"பூ ஒண்ணும் பூக்கலைங்க. ஆனா அது தலையத் தொங்கப் போட்டுட்டா என்னால படுத்துக் கெடக்க முடியல" என்றார்.

ஊரார் இருட்டறைக்கெல்லாம் செடி தேடிக் கொடுக்கிற என்னுடைய கடை மேசையில் மட்டும் எதை வைத்தாலும் பட்டுப்போகிறது என்பதையும் சொல்லிவிட்டால், என் தொழில் அனுபவம் இவ்வளவுதான்.