செபஸ்தியானின் பெயரைச் சொன்னவர்

திருவாடானைத் தேரடியில் யுத்தத்தைப் பற்றிப் பேச வந்த அந்த எழுத்தாளர் மேடையில் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒல்லியான மனிதர், தோள்துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே அங்குமிங்கும் நடந்தார். பர்மா சண்டை முடிந்து பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது. எந்த ஊரில் பேசினாலும், அந்தப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய் மடிந்தவர்களின் பெயர்களை முன்பே விசாரித்துவைத்து, பேச்சின் நடுவே உரக்கச் சொல்வது அவர் வழக்கம்.

அன்று "காரங்காடு செபஸ்தியான்" என்றதும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். கழுத்தில் சிலுவைத் தாலி இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு செத்துட்டாருன்னு ஒங்களுக்கு யாருய்யா சொன்னா? நீங்க பாத்தீகளா?"

"பார்க்கலைம்மா. ஊர்ல சொன்னாங்க."

"ஊரு ஆயிரம் சொல்லும்."

அவர் மேடையை விட்டிறங்கி அவள் முன்னால் வந்து நின்றார். "நான் என்ன சொல்லணும்மா?"

"இன்னும் வரலைன்னு சொல்லுங்க."

மறுபடி மேடையேறி, "செபஸ்தியான் இன்னும் வரவில்லை" என்றார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டார். கூட்டம் கலைந்ததும் அவள் தேடி வந்து கும்பிட்டாள்.

"படிச்சவுக நீங்களே சொல்லிட்டீக. வந்துருவாரு" என்று முகம் மலரச் சொல்லிவிட்டுப் போனாள்.

கூட்டத்தை ஏற்பாடு செய்தவன் என்பதால் அவரைப் பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன்.

"அந்தம்மாவுக்கு நான் நல்லது பண்ணினேனா, கெடுதல் பண்ணினேனா?" என்று வழியெல்லாம் கேட்டார்.

அவர் ஊர் திரும்பவேண்டிய மதுரை பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

"காரங்காட்டுக்கு எந்த பஸ்?" என்றார்.

தொண்டி போய் மாறவேண்டும் என்று சொல்லி, தொண்டி பஸ்ஸைக் காட்டினேன். ஏறிப் போய்விட்டார். அங்கே போய் அவளிடம் எதைச் சொல்லியிருப்பார் என்று இத்தனை வருஷமாகியும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.