சுலோசனாக்கா கட்டிய டெபாசிட்

வக்கீல் தமிழரசு, இட்லிக்கடை சுலோசனாக்காவுக்குப் பத்தாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். எழுதி வாங்கியதில்லை, சாட்சி இல்லை. ஆனாலும் கடன் கடன்தான்.

பட்டாபிராம் பக்கம் ஏர் ஓட்டிய குடும்பத்தில் முதன்முதலாகக் கறுப்புக் கோட்டு மாட்டியவர் அவர். சிபாரிசு செய்ய ஒரு ஆள் கிடையாது. பூந்தமல்லி கோர்ட்டில் அவர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால் சாட்சி தண்ணீர் கேட்பான். அந்தத் தெம்பில்தான் சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார்.

டெபாசிட் கட்டக் கையில் காசில்லை. கோர்ட் வாசலில் கடை போட்டிருந்த அக்காவிடம் பத்து ரூபாய் நாணயங்கள் மூட்டையாகக் கிடந்தன. மளிகைக்காரனும் கண்டக்டரும் செல்லாது என்று தள்ளிய காசு.

“கவருமெண்ட்டு அடிச்சதுதான, கவருமெண்டே வாங்கிக்கட்டும். எட்துகினு போ நைனா,” என்று தூக்கிக் கொடுத்தாள்.

ஜெயித்தார். வேலப்பன்சாவடியில் கால்வாய் தூர் வார வைத்தார், வானகரத்துக்கு ரேஷன் கடை கொண்டுவந்தார். அடுத்த முறை தோற்று, அதே கோர்ட்டுக்குத் தலை நிமிர்ந்தே திரும்பினார். ஒரு விஷயத்தில் மட்டும் நிமிர முடியவில்லை. ஜெயித்தவருக்கு டெபாசிட் திரும்ப வரும். வந்தது. வெற்றி விழாச் செலவோடு கரைந்தது. அக்காவுக்கு அது தெரியாது, அவரும் சொல்லவில்லை. “என் காசுல ஜெயிச்ச எம்.எல்.ஏ.” என்று அவள் யாரிடமாவது காட்டும்போதெல்லாம் செல்போனைப் பார்ப்பார்.

போன வாரம் காலை, கடையில் கூட்டம்; தமிழரசும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வக்கீல் முகமது இஸ்மாயில் தானும் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னார்.

“உனக்கும் கட்டறேன்,” என்றாள் அக்கா. “தமிழுக்குக் குட்த்தது கஜானாவுல கீது. போனா போவட்டும்.”

இஸ்மாயில் சிரித்தார். “ஜெயிச்சவருக்கு அப்பவே திருப்பிக் குடுத்திருப்பாங்களே அக்கா.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்டியா தமிழு?”

தமிழரசு தட்டை ஓரமாக வைத்தார். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்பிவிடுவாள். அதை நினைக்கத்தான் இன்னும் கூசியது.

“வந்துச்சுக்கா. தெரிஞ்சேதான் வெச்சிக்கினேன்.”

“சட்டசபைல அம்மாம் பேசின. எங்கைல ஒரு வார்த்த பேசலியே.”

தமிழரசு எதிரே இருந்த ஏ.டி.எம்.முக்குப் போய்த் திரும்பி வந்து கட்டாக நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“எண்ணிக் குடு. இவுங்கல்லாம் கேக்கட்டும்.”

ஜூனியர் வக்கீல்கள் தட்டோடு நின்றார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அக்கா உள்ளங்கையை விரித்தாள். தமிழரசு தலை குனிந்தபடி, வாய்விட்டு எண்ணி, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக அதில் வைத்தார். இருபது வரை.