மதில் தாண்டிய பலா

பக்கத்து வீட்டு அந்தப்பனின் பலாமரம், திருச்சூர்க்காரி ரோசக்குட்டியின் ஓட்டுக்கூரை மேல் சாய்ந்து நின்று, பழுத்ததையெல்லாம் அவள் தலையில் கட்டியது.

"அவனைப் பிடிச்சு உள்ள போடுங்க சாரே!" என்று ஸ்டேஷனில் கத்தினாள்.

"இது சிவில், சேச்சி. கிளையை வெட்டச் சொல்லி நீங்கதான் கோர்ட்டுல கேக்கணும். குத்தம் நடந்தாத்தான் நாங்க வருவோம்" என்றார் ஏட்டு.

கோர்ட்டில் வாய்தாமேல் வாய்தா. வக்கீலுக்கு வயிற்றுப்போக்கு, ஜட்ஜுக்கு மாற்றல். அதற்குள் அடுத்த பலாக்காலமே வந்து, ஒரு பழம் ஓட்டைப் பிளந்துகொண்டு மீன்குழம்புச் சட்டியில் இறங்கியது. ரோசக்குட்டி அந்தப் பழத்தை அப்படியே தூக்கி மதிலுக்கு அந்தப்பக்கம் வீசினாள். அது அந்தப்பனின் கால்மேல் விழுந்தது.

சிந்திய குழம்பைத் துடைத்து முடிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. "ஆளை அடிச்சுக் காயப்படுத்தினா கிரிமினல், சேச்சி. ஏறுங்க" என்றார் அதே ஏட்டு.

"என் கர்த்தாவே! இவ்வளவு வேகமா வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா, முதல் பழத்தையே எறிஞ்சிருப்பேனே!"