பழப்புளி போட்டுத் தேய்த்த ஜெர்மன் பதக்கம்

போன வருடம், சரஸ்வதி பூசை முடிந்த அடுத்த சனிக்கிழமை. ரொறன்ரோ அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபத்தில் பழைய நாணயம், பதக்கம் சேர்ப்பவர்களின் கண்காட்சி. வருடக்கணக்காகச் சும்மா பார்த்துவிட்டு வருகிற எனக்கு, அன்றுதான் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு மேசை கிடைத்திருந்தது.

நான் சேர்ப்பது பழைய ஜெர்மன் நினைவுப் பதக்கங்கள். கனடா வருவதற்கு முன் இரண்டு வருடம் ஜெர்மனியில் அகதியாக இருந்தேன். அங்கே பழைய சாமான் சந்தையில் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை. இருக்கிறவற்றில் எனக்கு உயிரானது ஒன்றுதான். இருநூறு வருடங்களுக்கு முன் அங்கே பஞ்சம் வந்தபோது அடித்த வெண்கலப் பதக்கம். ஒரு பக்கத்தில் பிள்ளைகளோடு ஒரு தாய் ஒரு துண்டு பாண் ரொட்டிக்குக் கையேந்துகிறாள். மறுபக்கத்தில் அன்றைய தானிய விலை. அவளை நாலு பேருக்குக் காட்டத்தான் மேசையே கேட்டேன்.

அதற்குத்தான் நானே வினை வைத்தேன். பூசைக்குப் புத்தகங்களோடு இந்தப் பதக்கத்தையும் சாமிப் படத்தின் முன் வைக்க நினைத்தேன். அங்கே வைக்கும் பொருளை அழுக்காக வைக்கலாமா? குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் பழப்புளி போட்டுத் தேய் தேயென்று தேய்த்தேன். புதுச் செம்பு மாதிரி மின்னியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கண்காட்சிப் பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்காரர். குனிந்து பார்த்தவரின் முகம் சுருங்கியது. இத்தனை காலமாகப் படிந்த நிறம்தான் இதன் வயதுக்குச் சாட்சி, அதைப் போய் உரித்துவிட்டீர்களே என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிழை என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. இதை எடுத்துவிடுங்கள் என்றவர், ஜெர்மன் சாமான் உங்களுக்கு எதற்கு என்றும் கேட்டார். வந்த அழுகை அப்படியே கோபமாக மாறிவிட்டது.

பக்கத்தில் நின்ற என் கணவர் காதுக்குள் சொன்னார்: "இஞ்சரும், உந்தப் பதக்கத்தை எடுத்துப் பைக்குள்ளை வையும். எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். பாக்கத்தானே கொண்டு வந்தனான்."

சண்டை நேரம் யாழ்ப்பாணத்தில் அரை றாத்தல் பாணுக்கு விடியவே வரிசையில் நின்றவள் நான். அந்தத் தாயின் கையை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினேன்: இதைப் புளி போட்டுத் தேய்த்தது நான். அறியாமல் செய்த பிழை, நீங்கள் செய்யாதீர்கள். ஆனால் பதக்கம் சொல்கிற பசி அப்படியே இருக்கிறது, அதைப் பாருங்கள். அட்டையைப் பதக்கத்தின் முன் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மண்டபம் பூட்டும்வரை நானும் போக மாட்டேன், இதுவும் போகாது என்று அந்த மனிதரிடம் சொன்னேன். அவர் அட்டையை இரண்டு தரம் வாசித்தார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

பின்னேரம்வரை சனம் நின்று பார்த்தது. பாதிப்பேர் பஞ்சத்தைப் பற்றிக் கேட்டார்கள், மீதிப்பேர் புளியென்றால் என்னவென்று கேட்டார்கள். எல்லாருக்கும் பதில் சொன்னேன்.

அந்தப் பதக்கத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் முட்டாள்தனத்தை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அந்தக் கதிரையை விட்டு எழும்பாததற்கு மட்டும் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.