என் வண்டிக்கு வந்த துரைச் சத்தம்

தன் மோட்டார் சைக்கிளின் இன்ஜினுக்கு இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும் என்று விரும்புகிறவன், அதற்கும் ஊரைக் கேட்க வேண்டுமா? ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்து வளைவில், நாற்பது பேர் காத்திருக்க வேண்டிய இடத்தில் ஒருவரும் இல்லாமல் நின்றபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

அப்போது நான் ஹட்டனில் ஆசிரியன். கொழும்பில் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்தேன். எதையும் பின்விளைவு பார்த்தே செய்கிறவன் என்ற சிறு பெருமை எனக்கு உண்டு. தேயிலைத் தோட்ட மக்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அரசாங்கம் கடைசி நாளாக ஒரு தவணை வைத்திருந்தது. அது தவறினால், இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவரும் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர் என்றாகிவிடும். படிவமோ பெரும்பாலோர் படிக்க முடியாத மொழியில் இருந்தது. ஆகவே சனிக்கிழமை பிற்பகல்களில் நானும் சக ஆசிரியர் ஒருவரும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படிவங்களை நிரப்பிக் கொடுத்து வந்தோம்.

எங்கள் வாகனம், யுத்தம் முடிந்தபின் இராணுவம் விற்றுத் தள்ளிய முந்நூற்றைம்பது சிசி வண்டி. சமதரையில் நாள் முழுக்க அலுக்காமல் ஓடும். ஏற்றத்தைக் கண்டால் மட்டும் அதற்கு உலகமே வெறுத்துவிடும். பின்னால் உட்கார்ந்து வரும் அந்த ஆசிரிய நண்பர் நல்ல கனத்த உடம்புக்காரர். மடியில் டைப்ரைட்டர் வேறு. ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் அவர் இறங்கி, டைப்ரைட்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார். நான் முதல் கியரில் அவருக்கு முன்னால் ஊர்வேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் இதைப் பார்ப்பதற்கென்றே நிமிர்வார்கள்.

"சார், நீங்க ஏறி ஒக்காருங்க, நாங்க தள்ளி விடுறோம்!" என்று ஒரு முறை மலையிலிருந்து குரல் வந்தது. சிரிப்பு அடுத்த மலை வரைக்கும் போயிற்று.

அன்று மாலை நண்பர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "நீ எனக்கு ஒரே ஒரு வெவரம் சொல்லு. நீ வாங்கினது மோட்டார் சைக்கிளா, இல்ல என்னைய நடக்க வைக்கிறதுக்கு ஒரு மெஷினா?"

ஹட்டன் கடைத்தெருவில் வண்டி பழுது பார்க்கும் முஸ்லிம் ஒருவர் இருந்தார். அண்ணன் என்ற பொருளில் அவர்கள் சொல்வதுபோல், நாங்களும் அவரை நானா என்று அழைப்போம். அவர் வண்டியைச் சுற்றி வந்து, நோயாளியைப் பார்ப்பதுபோல் இன்ஜினில் காதை வைத்தார்.

"மாஸ்டர், யுத்தத்துக்குப் போன வண்டி இது. இப்பிடி முக்கிறதுக்கு அதுக்கே வெக்கமா இருக்கும். இன்ஜின் ஹெட்டச் சீவி கம்ப்ரஷன ஏத்துவோம். சைலன்சருக்குள்ள இருக்கிற தடுப்பக் கழட்டிருவோம். பொறகு பாருங்க, ரெண்டு பேரையும் பறக்க வச்சுக் காட்டுறேன்."

நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரம் யோசித்தேன். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். பேரிங் சீக்கிரம் தேயும். ஏற்றத்தில் வேகம் கூடினாலும் இறக்கத்தில் பிரேக் பழைய பிரேக்தான். மறுபக்கம், ஒரு சனிக்கிழமையில் இரண்டு தோட்டங்களுக்குப் பதிலாக மூன்றுக்குப் போகலாம். தவணை முடிய மூன்று வாரமே இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துத்தான் சரி என்றேன். அதில் சத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் உண்மையிலேயே பறந்தோம். கொட்டகலையைத் தாண்டும்போது கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வண்டி அடிவயிற்றிலிருந்து உறுமியது. வளைவுகளில் நண்பர் இறங்கவேயில்லை. "இப்பதான்டா நான் பட்டதாரி மாதிரி போறேன்!" என்று என் காதில் கத்தினார். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான்.

வட்டகொடைக்கு மேலே, அந்த வளைவில் வண்டியை நிறுத்தினேன். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. காலையில் பெய்த மழையின் தண்ணீர் சாலையோர வடிகாலான கானில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நண்பர் மணியைப் பார்த்தார். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நேரம்.

அப்போது ஒரு தேயிலைச் செடி அசைந்தது. அதன் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார், தலையெல்லாம் இலை.

"அட, நம்ம மாஸ்டரு! சின்னதொர இல்லப்பா, எல்லாம் வாங்க, வாங்க!"

செடிகளுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. சின்னத்துரை என்பவர் தோட்டத்து உதவி அதிகாரி. அங்கே ஓர் இளம் வெள்ளைக்காரர். ஐந்நூறு சிசி வண்டியில் மலை மலையாகச் சுற்றுவார். அதன் சத்தம் கேட்டதுமே தொழிலாளர்கள் சாலையை விட்டுக் கானுக்குள் இறங்கி, தலைத்துண்டை எடுத்து, குடையை மடக்கி நிற்க வேண்டும். நாங்கள் கூடிய இடம் பொதுச் சாலை என்றாலும், அங்கே கூட்டம் போடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. முந்தின மாதம் இரண்டு பேரின் பெயரை எழுதிக்கொண்டு போயிருந்தார். கடைத்தெரு நானா என் வண்டிக்குக் கொடுத்திருந்தது இந்தச் சின்னத்துரை வண்டியின் சத்தத்தை.

"என் மச்சான் இன்னும் ஓடிக்கிட்டேதான் இருப்பான் மாஸ்டர்," என்றார் தலையில் இலையோடு நின்றவர். "அவன் தலவாக்கல போயித்தான் திரும்பிப் பாப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. முப்பது வயதிருக்கும். சாலைக்கு அடியில் போகும் மதகின் வாயில் குனிந்து, கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்ட பதற்றத்தில் தம் குடும்பத்துப் பத்திரங்களை அங்கே செருகியிருந்தார். எடுத்தபோது பொட்டலத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே மடித்திருந்த பிறப்புப் பதிவுகள் தப்பின. வெளியே சுற்றியிருந்த கடிதம் தப்பவில்லை. அவர் குடும்பம் எத்தனை ஆண்டுகளாக அந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று தோட்ட அலுவலகத் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் எழுதிக் கொடுத்தது அது. மை கரைந்து தாள் முழுவதும் நீலமாகியிருந்தது. அது இல்லாமல் விண்ணப்பம் நிற்காது.

"இந்தக் காயிதத்துக்கு என்னைய மூணு மாசம் நடக்க விட்டாங்க மாஸ்டர்," என்றார் அவர். "தவணைக்கு எத்தன நாளு கெடக்கு?"

"பதினைந்து நாள்."

அவர் என் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தப் பழைய சத்தத்துக்கு என்னங்க கொற? அது கீழ பாலத்துல மொனகும்போதே நம்ம வண்டின்னு தெரிஞ்சு நாங்க எறங்கி வருவோம். ஒங்களுக்குத் தொர சத்தம் எதுக்குங்க?"

மற்றவர்களின் படிவங்களை எழுதி முடித்தோம்.

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் பஸ்ஸில் போய்ப் பெரிய கிளாக்கரைப் பார்த்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கடிதம் அழிந்ததற்குக் காரணம் அந்தப் பெண் அல்ல, என் சைலன்சர்தான் என்று விளக்கினேன்.

"மாஸ்டர், உங்கட மோட்டச் சைக்கிளுக்கும் என்ர கடிதத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கண்ணாடியைக் கழற்றினார். முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் கையோடு எழுதித் தரவில்லை. பழைய பதிவேடுகளைப் பார்க்க வேண்டும் என்றார். இன்னும் இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை கடிதம் கிடைத்தது.

இதற்கிடையில் வண்டி நானாவிடம் திரும்பியிருந்தது.

"கூட்டச் சொன்னீங்க, கூட்டினேன். இப்ப கொறைக்கச் சொல்றீங்க. படிச்ச ஆக்களுக்கு வேல செய்றது கஷ்டந்தான்," என்று அலுத்துக்கொண்டார். சைலன்சருக்குள் தடுப்பை மறுபடியும் பொருத்தினார். சீவின ஹெட்டை வளர்க்க முடியாதாகையால், தடித்த கேஸ்கட் ஒன்றை இடையில் வைத்துச் சமாளித்தார். பிறகு, "மாஸ்டர், முன்பக்கத்துப் பல்லுச் சக்கரத்துல ரெண்டு பல்லுக் கொறஞ்சதாப் போட்டா மல ஏறும். ஓட்டம் கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான்," என்றார்.

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை, நானா?"

"நீங்க பலம் வேணும்ன்னுதானே வந்தீங்க? ஏறினாப் போதும்ன்னு சொல்லலியே."

சக்கரத்தை மாற்றினோம். வண்டி மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது. சமதரையில் எல்லா பஸ்களும் எங்களை முந்தின. அந்தப் பெண்ணின் விண்ணப்பம் தவணைக்கு நான்கு நாள் முன்னதாகப் பதிவுத் தபாலில் போயிற்று. அதற்குப் பிறகு, எந்த வேலையாகப் போனாலும், நாளும் நேரமும் மட்டும் சொல்லிவிட்டு நான் எந்தத் தோட்டத்துக்கும் போகவில்லை. எந்த வண்டியில், என்ன சத்தத்தோடு வருகிறேன் என்பதையும் இரண்டு நாள் முன்பே ஆளிடம் சொல்லியனுப்பினேன்.